பளபளப்பு ஏமாற்றும்

கொரோனா காலத்தில் கடை வாசலில் ஒருவர் உங்கள் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துவிட்டு உள்ளே விட்டது நினைவிருக்கிறதா? தொடாமலே சூட்டைச் சொன்ன அந்தக் கருவிக்குள் இருந்தது ஓர் அகச்சிவப்பு சென்சர். அதே வகைச் சென்சரை இன்று பள்ளி மாணவர்களே வாங்கி ஆர்டுயினோவில் பொருத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது காட்டும் எண்ணை நம்பி ஓர் அடுப்பை ஓட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் வீட்டிலிருந்தே தோசை சுட்டு விற்கிறார். கல்லுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்ப்பதுதான் அவர் வழக்கம். நீரிழிவால் கைகளில் உணர்ச்சி குறைந்ததிலிருந்து அது முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் அம்மாவுக்காக ஒரு கன்ட்ரோலர் செய்தான். எம்எல்எக்ஸ்90614 என்ற சென்சர் மேலிருந்து தட்டைப் பார்க்கும். 200 பாகை வந்ததும் ரிலே மின்சாரத்தை நிறுத்தும். முதல் நாளே தோசை கருகி, எண்ணெய் புகைந்து, புகை அலாரம் அலறியது. திரையிலோ 130 பாகைதான்.

"தம்பி, உவன் செய்த பெட்டியைக் குப்பையிலை போடச் சொல்லு. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் மாமி. பையனோ, "அண்ணா, கோட்டில் 70ஐக் கூட்டிவிட்டால் சரிதானே?" என்றான்.

சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளிவிடுகிறது. சென்சர் அளப்பது அந்தக் கதிரைத்தான், சூட்டை நேரடியாக அல்ல. ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிர் விடுவதில்லை. இந்தத் திறனுக்கு உமிழ்திறன் என்று பெயர். முழுமையாக உமிழும் பொருளுக்கு 1. நம் தோலுக்கு ஏறத்தாழ 0.98. எண்ணெய் பிடித்துக் கறுத்த இரும்புக் கல் 0.95 அளவில் நிற்கும். பளபளக்கும் எவர்சில்வரோ 0.1 முதல் 0.3 வரைதான். மிச்சத்துக்கு அது கண்ணாடி மாதிரி. சுவரின் கதிரையும் கூரையின் கதிரையும் பிரதிபலிக்கும். அந்தச் சென்சர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது உமிழ்திறன் 1 என்று எடுத்துக்கொண்டே வருகிறது. மாமியின் மின்தட்டு புத்தம் புது எவர்சில்வர்.

கதிரின் அளவு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். அறை 25 பாகை, உமிழ்திறன் 0.3 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உண்மையில் 100 பாகையில் இருக்கும் தட்டைச் சென்சர் 53 என்று சொல்லும். 200ஐ 106 என்று சொல்லும். முதலாவதில் பிழை 47, இரண்டாவதில் 94. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது. அதனால்தான் ஒரே எண்ணைக் கூட்டிச் சமாளிக்க முடியாது. குறைத்துக் காட்டும் சென்சர் ஆபத்தானதும்கூட: "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக் கன்ட்ரோலர் மின்சாரத்தை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

உமிழ்திறனை 0.3 என்று மாற்றினால் போதாதா? எண்ணெய் தடவிய இடம் ஒரு மாதிரி, துடைத்த இடம் இன்னொரு மாதிரி கதிர் விடும். எண் குதித்துக்கொண்டே இருக்கும். எனவே எவர்சில்வர் தட்டை எடுத்துவிட்டு, மாமியின் பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்தோம். இத்தனை வருடம் எண்ணெய் குடித்துக் கறுத்த கல் அது.

அடுத்தது பார்வைக் கோணம். அவன் வாங்கிய வகை 90 பாகைக் கோணத்தில் பார்க்கும். 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 40 சென்டிமீட்டர் அகல வட்டம். கல்லோடு சேர்த்து மேசையையும் அளக்கும். கோணம் குறைந்த வகைக்கு மாறினோம். ஆவியும் எண்ணெய்த் துளியும் சென்சரின் முகத்தில் படியாதபடி சற்றுச் சரிவாகப் பொருத்தினோம்.

பிறகுதான் அளவுத்திருத்தம். ஒப்பிட ஒரு தெர்மோகப்பிள் எடுத்தோம். அதை முதலில் நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கிண்ணத்தில் வைத்து 0 காட்டுகிறதா, கொதிநீரில் 100ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்தோம். அதன் நுனியைக் கல்லில் அழுத்தி வைத்து, கல் நிலையான சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்தோம். தெர்மோகப்பிள் 200 சொன்னபோது சென்சர் 195 சொன்னது. உமிழ்திறனை 0.95 ஆக்கினோம், இரண்டும் பொருந்தின. 100இலும் சோதித்தோம். அங்கே மிஞ்சிய 1 பாகை வித்தியாசத்தை, இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டால் கோட்டில் சரிசெய்தான். கடைசியாக, சென்சர் செத்தாலும் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு வெப்ப ஃபியூஸ். சூடாக்கும் எந்தக் கருவியையும் ஒரே சென்சரை நம்பி விடாதீர்கள்.

அகச்சிவப்பை 1800இல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஹனோவரிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து இசைக் கலைஞராகப் பிழைத்தவர். முப்பட்டகத்தில் பிரிந்த ஒளியில், சிவப்புக்கு அப்பால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். அதன் குமிழைக் கறுப்பாக்கியிருந்தார்: நன்றாக உமிழும் கறுப்பு நன்றாக உறிஞ்சவும் செய்யும்.

நான் பொறியியலில் முதுமாணி முடித்தவன். கணினி ஆலோசகனாக நாள் முழுக்க டாஷ்போர்டு எண்களோடுதான் என் பிழைப்பு. எந்த எண்ணைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "நீ எதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டாய்?" என்பதே. நீங்களும் கேளுங்கள். மாமி இப்போது பயமில்லாமல் தோசை சுடுகிறார். ஆனாலும் மா ஊற்றுமுன் கல்லில் நாலு துளி தண்ணீர் தெளித்து, அது சுரீர் என்கிறதா என்று காது கொடுக்கிறார். அதை நிறுத்தச் சொல்லிவிடாதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.