நிக்காமல் போன ரெயில்

இந்தக் கிழமையும் ஒருநாள் நோர்தேண் லைன் காலை வாரிவிட்டது. கம்டன் ரவுணில் பொயின்ற் பழுதாம். "இந்த ரெயில் சாறிங் குறொஸ் வழியாப் போகாது, பாங்க் வழியாப் போகுது" என்று ட்ரைவர் சொன்னதும் பெட்டிக்குள் ஒரு பெரிய சலிப்புச் சத்தம். எனக்குப் பக்கத்தில் நின்ற எங்கட பெடியன் ஒருவன் போனில் யாருக்கோ சொன்னான்: "உவங்களுக்கு வேற வேலை இல்லை. நினைச்ச நேரம் நினைச்ச பக்கம் திருப்புறாங்கள்."

நானும் ஒருகாலத்தில் இதையேதான் சொன்னேன். இன்னும் கெட்ட சொற்களில். அது 2010. அந்தக் கதையைக் கிச்சினுக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டு பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன், எழுதினதில்லை. இன்றைக்கு லீவு. எழுதிவிடுகிறேன்.

முதலில் லண்டனுக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நோர்தேண் லைன் என்பது உண்மையில் ஒரு பாதை இல்லை. 1890இல் ஒரு கொம்பனியும் 1907இல் இன்னொரு கொம்பனியும் தனித்தனியாகத் திறந்த இரண்டு சுரங்கப் பாதைகள். 1924இல் கம்டன் ரவுணுக்குக் கீழே இரண்டையும் கொண்டுவந்து முடிந்துவிட்டார்கள். வடக்கே எட்ஜ்வெயரிலிருந்து ஒரு கை, ஹை பார்னெற்றிலிருந்து ஒரு கை. கம்டனில் சந்தித்து, திரும்பவும் பிரிந்து, ஒன்று சாறிங் குறொஸ் பக்கமும் மற்றது பாங்க் பக்கமும் போகும். கெனிங்ரனில் மறுபடி சந்திக்கும். வடக்கிலிருந்து வருகிற எந்த ரெயிலையும் தெற்கே இரண்டு பக்கத்தில் எதற்கும் அனுப்பலாம். ஒரு ரெயில் மற்ற ரெயிலின் பாதையைக் குறுக்கே வெட்டாத மாதிரி, ஒன்றுக்கு மேலே ஒன்றாகச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு நான் விட்டுவந்த கணிதத்தில் இப்படியான முடிச்சுகளைக் கோடும் புள்ளியுமாகக் கீறிப் படிப்பித்தார்கள். அப்போது அது சோதனைக்கு மட்டும் உதவும் என்று நினைத்தேன். சோதனைக்கும் உதவவில்லை, அது வேறு கதை.

பொயின்ற் என்பது ரெயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குத் திருப்பும் இடம். கூராகச் சீவின இரண்டு தண்டவாளத் துண்டுகள் ஒரு பக்கமாக நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். நகர்ந்தால் மட்டும் போதாது, சரியாக ஒட்டிப் பூட்டிவிட்டது என்ற செய்தி திரும்பி வரவேண்டும். வராவிட்டால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். அப்போது யாராவது தண்டவாளத்தில் இறங்கிப்போய் மரக்கட்டை வைத்து, இரும்புக் கவ்வி போட்டு, அதை ஒரு பக்கமாக இறுக்கிவிடுவார்கள். பிறகு வருகிற ரெயிலெல்லாம் அந்த ஒரு பக்கம்தான். எங்களுக்கு வருகிற "பாங்க் வழியாப் போகுது" என்ற அறிவிப்புக்குப் பின்னால் பலநேரம் இருப்பது கையில் கவ்வியோடு இருட்டில் நிற்கிற ஒரு மனிசன்.

முந்தி இதற்கு ஒரு மெசின் இருந்தது. 1958இல் நோர்தேண் லைனில்தான் முதலில் போட்டுப் பார்த்தார்கள். நீளமான பிளாஸ்ரிக் சுருளில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்து முழுநாள் நேர அட்டவணையையும் எழுதி வைத்திருப்பார்கள். சுருள் நகர நகர, அடுத்த ரெயிலுக்கு எந்தப் பக்கம் என்று மெசினே பொயின்ற்றைத் திருப்பும். ஆனால் மெசினுக்குத் தெரிந்தது அட்டவணை மட்டும்தான். அட்டவணையில் இல்லாத ஒன்று நடந்தால் ஒரு மனிசன் கை வைத்துத்தான் ஆகவேண்டும்.

அப்படி அட்டவணையில் இல்லாத ஒன்று நடந்த நாள்தான் 2010 ஆகஸ்ட் 13.

ஆடிக் கடைசி வெள்ளி. நான் அப்போது ஆர்ச்வேயில், ஹைகேற் முருகன் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில், மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தேன். 2007இல் வந்து, 2009இல் அகதி அந்தஸ்து கிடைத்து, சட்டப்படி கிடைத்த முதல் வேலை கூஜ் ஸ்ரீட்டில் ஒரு றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவுவது. காலை ஏழு மணிக்குத் தொடக்கம். மணித்தியாலத்துக்கு 5 பவுண் 80 பென்ஸ், அப்போதைய ஆகக் குறைந்த சம்பளம். அக்கா குடும்பம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து ஆறு மாதம். தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். மாதாமாதம் நான் அனுப்புகிறதுதான் சீவியம். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தரம் பிந்திப் போயிருந்தேன். மனேஜர் எங்கட ஆள்தான், எண்பதுகளில் வந்தவர். "தம்பி, மூண்டாந்தரம் பிந்தினா காலமைக்கு வேற ஆள் போடுவன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அதனால் அன்றைக்கு வெள்ளெனவே வெளிக்கிட்டேன். சாறிங் குறொஸ் வழி ரெயில். ஆர்ச்வேயில் ஏறினால் கூஜ் ஸ்ரீட் ஏழாவது ஸ்ரேசன், நித்திரையில் போனாலும் இறங்கிவிடுவேன். ரெயில் வெளிக்கிட்டுது. ரஃப்னெல் பார்க் வந்தது, நிக்கவில்லை. மேடையில் நின்ற சனத்தின் முகங்கள் கோடாக இழுபட்டுப் போயின. சரி, ஏதோ ஒரு ஸ்ரேசன் பூட்டாக்கும் என்று நினைத்தேன். கென்ரிஷ் ரவுணும் வந்தது. அதிலும் நிக்கவில்லை. ட்ரைவர் ஏதோ சொன்னார். சத்தத்திலும் என் ஆங்கிலத்திலும் ஒன்றும் விளங்கவில்லை. கம்டனிலும் நிக்காமல் போய், கொஞ்சம் உலுக்கிக்கொண்டு வளைந்தது.

மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் புறுபுறுத்தார்கள். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. 2006இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிக்கவேண்டிய இடத்தில் நிக்காத வாகனம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். பெட்டிக்குள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் பயப்படவில்லை, அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவு திறந்தபிறகும் உடனே இறங்கத் தோன்றவில்லை. புத்தி வந்து இறங்கிப் பார்த்தால் ஏஞ்சல். பாங்க் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். மேலே ஏறி 73ஆம் நம்பர் பஸ் எடுத்தேன். அப்போது அது நடுவில் வளைகிற நீள பஸ். ரெயிலை விட்டுவந்த சனமெல்லாம் அதற்குள்தான். வேலைக்குப் போய்ச் சேர ஏழே முக்கால். என்னோடு வேலை செய்த சிலெற்காரர் ஒருவர், நோன்பு தொடங்கி இரண்டு மூன்று நாள்தான், தண்ணிகூடக் குடிக்காமல் என் சட்டிகளையும் சேர்த்துக் கழுவி வைத்திருந்தார்.

"அண்ணை, ரெயிலைத் திருப்பிப்போட்டாங்கள்."

"தம்பி, எல்லாரும் ரெயிலிலதான் வாறாங்கள்."

அடுத்த திங்கள் தொடக்கம் காலை வேலை இல்லை, சனி ஞாயிறு இரவு மட்டும். கால் மணித்தியாலத்துக்கு மேல் ரியூப் பிந்தினால் அந்தப் பயணக் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று அறையில் இருந்த ஒருவர் சொன்னார். பயணக் காசு கிடைக்கும், சரி. காலை வேலையை எந்தப் படிவத்தில் நிரப்பிக் கேட்கிறது? முகம் தெரியாத அந்த ரெயில் திருப்பினவனை அன்று முழுக்கத் திட்டினேன். அவன் பெண்சாதி பிள்ளைகளையும் விடவில்லை.

பின்னேரம் கோயிலுக்குப் போய்விட்டு அறைக்கு வந்தபோது பிபிசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தைத் தேய்த்து மட்டமாக்குகிற ஒரு வண்டி இரவு வேலையில் பழுதாகிவிட்டதாம். வெறும் பயணிகள் ரெயில் ஒன்றைக் கொண்டு அதைக் கட்டி இழுத்திருக்கிறார்கள். இழுக்க வசதியாக அந்த வண்டியின் பிரேக்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஹைகேற் பக்கத்தில் இணைப்பு முறிந்துவிட்டது. பிரேக் இல்லை, பாதையோ தெற்கு நோக்கிப் பள்ளம். வண்டி தன்பாட்டில் உருளத் தொடங்கிவிட்டது. எங்களுக்குப் பின்னால்.

நாலு மைல். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் முன்னால் போன ரெயில்களை ஒரு ஸ்ரேசனிலும் நிக்காமல் ஓடச் சொல்லி, கம்டனில் பாங்க் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பிறகு வந்த அந்த வண்டியைச் சாறிங் குறொஸ் பக்கம் விட்டிருக்கிறார்கள். அது மோர்னிங்ரன் கிறசென்ற், யூஸ்ரன் எல்லாம் தாண்டி, வொறன் ஸ்ரீட் பக்கத்தில் ஒரு சின்ன ஏற்றத்தில் தானாகவே நின்றது. வொறன் ஸ்ரீட்டுக்கு அடுத்த ஸ்ரேசன்தான் கூஜ் ஸ்ரீட். ஒருத்தருக்கும் காயமில்லை.

யோசித்துப் பாருங்கள். ரஃப்னெல் பார்க்கில் ஒருத்தர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், கதவு மூடமாட்டன் என்கிறது. கென்ரிஷ் ரவுணில் ஒரு தாய் பிள்ளை வண்டியோடு இறங்குகிறார். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் அரை நிமிசம். அந்த அரை நிமிசங்களைத்தான் எங்களிடமிருந்து பறித்து அந்த மனிசன் இடைவெளி ஆக்கினான். அதை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை. விளக்கியிருந்தால் பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இதில் பெரிதாக யோசிக்கிறது அந்த இரண்டாவது சுரங்கத்தைப் பற்றித்தான். திருப்புவதற்கு ஒரு பாதை இருந்தது. எங்கட ஊர் ரெயில் ஒற்றைப் பாதை. எதிரில் ஒன்று வந்தால் ஸ்ரேசனில் ஒதுங்கி நிக்கவேண்டும், அவ்வளவுதான். 1990 ஜூனில் யாழ்தேவி நின்றபோது எனக்குப் பத்து வயது. பிறகு கொடிகாமத்தில் நாங்கள் தண்டவாளத்தைப் பார்த்தது பங்கருக்கு மேலேதான். சிலிப்பர்கட்டையை அடுக்கி, தண்டவாளத்தைக் குறுக்கே போட்டு, மேலே மண்மூட்டை. நல்ல பலம். எனக்கு விபரம் தெரிந்து நான் முதன்முதலில் ரெயிலில் ஏறினது 2003இல், சமாதான காலத்தில், வவுனியாவிலிருந்து கொழும்புக்கு. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதையையும் மூடினார்கள். ரெயிலும் இல்லை, றோட்டும் இல்லை. ஆமியிடம் அனுமதி எடுத்து, நாள்கணக்கில் வரிசையில் நின்று, கப்பலில் திருகோணமலைக்குப் போனோம். மாற்றுப் பாதை என்றால் எங்களுக்குக் கடல்தான். ஏறினதும் ஒருபக்கம் சத்தி, மறுபக்கம் விட்டுவந்த கடைசி வருடப் பாடப் புத்தகங்களின் நினைவு. 2014 ஒக்டோபரில் ரெயில் திரும்ப யாழ்ப்பாணம் போனபோது இங்கே வீடியோவில்தான் பார்த்தேன்.

அந்த ஓடுகாலி வண்டி விசயம் வழக்காகி, 2013இல் மூன்று நிறுவனங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் பவுண் தண்டம் போட்டார்கள். நியாயம்தான். இழுக்கிற இணைப்பு முறிந்தால் பிறகு என்ன என்று முதலிலேயே யோசித்திருக்கவேண்டும். கம்டனில் 2003இலும் ஒரு ரெயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டு ஏழு பேருக்குக் காயம். இப்படி நடந்தால் யாராவது கேள்வி கேட்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், அதை எவரும் வாசிக்கலாம். நான் இருந்து வாசித்திருக்கிறேன், அகராதி வைத்துக்கொண்டு.

ஆனால் எங்களை மாதிரி மணித்தியாலக் கூலிக்காரர் அந்த அறிக்கைகளில் வருவதில்லை. ரெயில் திருப்பினால் ஒவீஸ்காரர் ஒரு ஈமெயில் போடுவார், சம்பளம் குறையாது. கோப்பை கழுவுகிறவருக்குக் குறையும். திருப்பினவனில் இப்போது எனக்குக் கோபமில்லை. அந்த மனேஜரில் இருக்கிறது. செய்தியைப் பார்த்தபிறகு அடுத்தநாள் இலவசப் பேப்பரை மடித்துக்கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தார். முழுதாகத்தான் வாசித்தார். "பாவமடாப்பா, தப்பிப் பிழைச்சிருக்கிறாய்" என்றார். காலை வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அக்காவுக்கு அந்த மாதமும் அடுத்த மாதமும் பாதிக் காசுதான் போனது. ஏனென்று கேட்டா, ரெயில் பிரச்சினை என்று சொன்னேன். "லண்டனிலயுமோ?" என்றா.

எழுதி முடிக்க இரவு பத்தரை ஆகிவிட்டது. நாளைக்குக் காலை வேலை. இப்போதைக்கு நோர்தேண் லைன் "குட் சேவிஸ்" என்று போட்டிருக்கு. விடியப் பார்ப்பம்.