ஆட்டமும் அடுக்களை ஏடும்

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்குரிய நிலைக்களன்களாக நான்கினைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். அவற்றுள் விளையாட்டும் ஒன்று. ஆண்டுதோறும் வகுப்பறையில் இதனைப் பாடமாக நடத்துகிறோம். தேர்வில் வினாவாகக் கேட்கிறோம். விடை எழுதியோர்க்கு மதிப்பெண்ணும் வழங்குகிறோம். ஆயின் இல்லத்தில் நம் மகன் விளையாடக் கண்டால் மட்டும் நம் முகத்தில் உவகை தோன்றுவதில்லை, வெகுளியே தோன்றுகிறது. நூலறிவுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட இத்தொலைவை நாம் உணர்ந்துகொண்ட நிகழ்ச்சியொன்றை இம்மலர் வழியாக மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கோடை விடுமுறையில் நம் சொந்த ஊராகிய தம்மம்பட்டிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். சேலம் மாவட்டத்தில், மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற ஊர் அது. காலை முதல் உளியோசை கேட்கும் தெருக்களில் நடந்து பழகியவர்கள் நாம். ஒருநாள் நண்பகல். மேல்நிலை முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்திருந்த நம் மகன், உள்ளறையிலிருந்து தன் தோழனிடம் தொலைபேசியில், "நேற்றுதான் வெண்பா முடித்தேன், கடைசியில் அழுகை வந்துவிட்டது" என்று கூறியது நம் செவியில் விழுந்தது. நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஈற்றடி முச்சீராய் அமைவதும், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என முடிவதும் ஒருவனை அழவைக்கும் எனில், யாப்பிலக்கணம் இன்னும் சாகவில்லை என்றன்றோ பொருள்! விரைந்து உள்ளே சென்று, "எந்த வெண்பா, தம்பி? குறளா, நேரிசையா?" என்று வினவினோம். அவன் திகைத்தான். பிறகு மெல்லக் கணிப்பொறித் திரையை நம் பக்கம் திருப்பினான். அது யாப்பன்று, ஒரு விளையாட்டு.

'வெண்பா' என்பது கனடா நாட்டு டொராண்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் உருவாக்கி, 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் வெளியிட்ட கணிப்பொறி ஆட்டம். பெருநிறுவனங்களைச் சாராது சிலர் கூடிப் படைக்கும் இத்தகைய ஆட்டங்களைத் தன்னுரிமை ஆட்டங்கள் எனலாம். இதற்கு 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் சிறந்த முதற்படைப்புக்கான விருதினை வழங்கியது. இதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, வெற்றி தோல்விக் கணக்கும் இல்லை. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த வெண்பா என்னும் பெண்ணும் அவள் கணவன் பாவலனும், அங்குப் பிறந்து வளரும் மகன் கவினும் கதைமாந்தர்கள். ஆடுவோர் அவர்களுடைய இடத்தில் நின்று சமைக்க வேண்டும். உரையாடலில் சில இடங்களில் இன்ன மறுமொழி கூறுவது எனத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். தாய் வழங்கிய சமையல் குறிப்பேடுதான் வெண்பாவின் செல்வம். அவ்வேடோ பழுதுபட்டது, எழுத்துகள் பல அழிந்தது. அழிந்த இடத்தை ஆடுவோர் தம் அறிவால் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முதலில் இட்டலி அவிக்கும் கட்டம். மகனை விலக்கி அமர்ந்து, நாமே முயன்றோம், தோற்றோம். மீண்டும் முயன்றோம், மீண்டும் தோற்றோம். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த நம் துணைவியார், "கீழ்த்தட்டுக் குழிக்கு நேர்மேலே மேல்தட்டுக் குழியை வைத்தால் இட்டலி எப்படி எழும்பும்? தட்டைத் திருப்பி வையுங்கள்" என்று கூறிச் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக இட்டலி உண்டு வரும் நமக்கு அது தெரிந்திருக்கவில்லை. உண்பது வேறு, ஆக்குவது வேறு என்பதை ஆட்டம் நமக்கு முதற்பாடமாக உரைத்தது.

பின்னர்க் கதை வளர்ந்தது. கவின் வளர வளரத் தாய்மொழியை விட்டு விலகுகிறான். தாய் ஆக்கும் உணவு அவனுக்கு வெளியே சொல்ல வெட்கமாகிறது. பாவலன் இறந்துபடுகிறான். வெண்பா தாயகம் திரும்புகிறாள். பின்னாளில் கவின் தனியே நின்று அந்தக் குறிப்பேட்டைத் திறக்கும்போது, தமிழ் எழுத்துகள் அவனுக்கு எளிதில் வசப்படுவதில்லை. தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறான். இவ்விடத்தில் நம் ஆசிரிய உள்ளம் பொங்கியது. "பெற்றவள் எழுதியதைப் படிக்க மாட்டாதவன் என்ன மகன்!" என்று உரத்த குரலில் கடிந்தோம்.

நம் மகன் சிறிது நேரம் வாளாவிருந்தான். பின்பு தாழ்ந்த குரலில், "அத்தா, பாட்டியுடைய நோட்டை நீங்கள் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

அவன் குற்றம் சாட்டும் நோக்கில் கேட்கவில்லை. எனினும் நமக்கு மறுமொழி கூற வாய் எழவில்லை.

நம் அன்னையார் பள்ளிக்கூடம் செல்லாதவர்கள். சிறுமியாய் இருந்தபோது மதரசாவில் ஓதக் கற்றதோடு, அரபுத் தமிழும் கற்றிருந்தார்கள். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையே அரபுத் தமிழ். அர்வி என்றும் வழங்குவர். அரபியில் இல்லாத ப, ட, ள, ழ, ற போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய வடிவங்களை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் பலவற்றை யாத்துள்ளனர். இமாமுல் அரூஸ் எனப் போற்றப்படும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'மஙானீ' இவ்வகையில் புகழ்பெற்றது. பள்ளியின் வாயில் எட்டாத எத்தனையோ பெண்களுக்கு இதுவே எழுத்தும் கல்வியுமாய் இருந்தது.

அன்னையார் ஒரு கோடிட்ட நோட்டில் இவ்வெழுத்தில்தான் எல்லாவற்றையும் குறித்து வைப்பார்கள். பால் கணக்கு, கைமாற்றுக் கணக்கு, நோன்புக் கஞ்சியின் அளவு, பிள்ளைகள் பிறந்த நாள் ஆகிய யாவும் அதில் உண்டு. ஆயினும் பள்ளியிலிருந்து நாம் கொணர்ந்த மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைத்தார்கள். அதற்காக நாம் வெட்கினோம். கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தாயின் கல்வி' என்றொரு கட்டம் இருந்தது. நம் கைப்பட 'எழுத்தறிவு இல்லை' என்று நிரப்பினோம். நோட்டு நிறைய எழுதிய ஒருவரைப் பற்றி அவ்வாறு எழுதினோம்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சீறாப்புராணம். அவ்வாய்வேட்டினை எழுதிக்கொண்டிருந்த நாளில், அன்னையார் அந்நோட்டினை எடுத்து வந்து, "நான் வாசிக்கிறேன், நீ தமிழில் எழுதி வைத்துக்கொள், வாப்பா. எனக்குப் பிறகு இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டார்கள். "அடுத்த விடுமுறையில் கட்டாயம் எழுதுகிறேன்" என்று வாக்களித்தோம். அடுத்த விடுமுறை வந்தது. விடைத்தாள் திருத்தும் பணியும் வந்தது. பல விடுமுறைகள் சென்றன. அன்னையார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்த ஆய்வேட்டில் ஓர் இயல் முழுதும் நாம் எழுதியது எதைப் பற்றி? மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பற்றி! வேடனின் வலையிற்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல் தருகிறது. நாயகம் அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். கானகத்தில் தன் இனத்தோடு தங்கிவிடும் வாய்ப்பு அதற்கு இருந்தது. அம்மானோ தந்த சொல்லைக் காக்கத் தன் கன்றுடன் திரும்பி வந்தது. அன்பும் துன்பமும் அறமும் ஒரு முனையில் சந்திக்கும் அத்தேர்வினை உமறுப்புலவர் பாடிய திறத்தை நாம் பக்கம் பக்கமாக வியந்தோம். வாய்மொழித் தேர்வில் பாராட்டும் பெற்றோம். மான் காத்த சொல்லை நாம் காக்கவில்லை.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பினை வகுப்பில் கூறுங்கால் நம் குரல் தழுதழுக்கும். அதே காலத்தில் நம் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஏட்டைப் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது.

பழைய பரமபத ஆட்டத்திலும் அறம் உண்டு. நற்குணத்துக்கு ஏணியும் தீக்குணத்துக்குப் பாம்பும் வகுத்து அமைத்தனர் முன்னோர். ஆயின் அங்கே ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் செயல்; ஆடுவோன் செயலன்று. புதுக்கால ஆட்டங்களில் சில இதனை மாற்றிவிட்டன. நம் மகன் இன்னோர் ஆட்டத்தையும் விளக்கினான். அமெரிக்கரான டோபி பாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' என்பது அதன் பெயர். எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே அதனை ஆடி முடிக்க இயலும். கொல்வதும் விடுவதும் ஆடுவோன் தேர்வு. ஒருமுறை கொன்றுவிட்டுப் பின் மனம் மாறி, முதலிலிருந்து தொடங்கினாலும், முன்பு செய்ததை அவ்வாட்டம் நினைவில் வைத்திருந்து உணர்த்துமாம். "அழித்துவிட்டு ஆடினாலும் அதற்குத் தெரியும், அத்தா" என்றான் மகன். நம் தெருவில் உளி பிடிக்கும் சிற்பிகளுக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. வெட்டிய மரம் ஒட்டாது என்பதை அறிந்தே அவர்கள் ஒவ்வோர் அடியும் அடிக்கிறார்கள்.

'வெண்பா'வில் ஆடுவோன் எந்த மறுமொழியைத் தேர்ந்தாலும் கதையின் பெரும்போக்கு மாறுவதில்லை. பாவலன் இறப்பதும், வெண்பா திரும்புவதும் நிகழ்ந்தே தீரும். அங்ஙனமாயின் தேர்வினால் யாது பயன் என்று மகனிடம் வினவினோம். "நடப்பது மாறாது, நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பது மாறுமே" என்றான். நிய்யத்தைப் பற்றி எத்தனையோ பயான்களைச் செவிமடுத்த நமக்கு, பதினேழு வயதுப் பிள்ளையின் இம்மறுமொழி புதிதாய் இருந்தது.

அன்று மாலையே பெட்டியைத் திறந்தோம். நோட்டின் ஓரங்கள் உதிர்ந்தன. ஊரிலேயே வாழும் அன்னையாரின் தங்கையாகிய சாச்சியை அழைத்து வந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாச்சி எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். நம் மகன் தமிழில் எழுதினான். நோன்புக் கஞ்சிப் பக்கம் வந்தது. அரிசி இத்தனை படி, பாசிப்பருப்பு இத்தனை உழக்கு, இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் என எல்லாம் தெளிவாக இருந்தன. வெந்தயத்தின் அளவு இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. துணைவியார் ஓர் அளவு கூற, சாச்சி மற்றோர் அளவு கூறினார்கள். இரண்டு அளவிலும் ஆக்கிப் பார்த்தோம். இரண்டும் நன்றாகவே இருந்தன. இரண்டும் அன்னையாரின் கஞ்சி அல்ல. திரையில் அழிந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் ஆட்டம் தொடர்கிறது. இங்கே அழிந்தது அழிந்ததே.

நோட்டின் கடைசிப் பக்கத்திற்கு வந்தபோது சாச்சி, "இது எனக்குப் படிக்கத் தெரியாது, இது உன் எழுத்து" என்று கூறி நம்மிடம் நீட்டினார்கள். அப்பக்கத்தில் அரபு எழுத்து இல்லை. தமிழ் எழுத்துகள் இருந்தன. கோணலும் மாணலுமாய், சுழிகள் இடம் மாறி, எழுதியதாக அன்றி வரைந்ததாக இருந்தன. கூர்ந்து நோக்கியபோது விளங்கிற்று. அது நம் ஆய்வேட்டின் மேலட்டை. தலைப்பும் நம் பெயரும் பட்டத்தின் பெயரும், கண்டவாறே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரையப்பட்டிருந்தன. அதன் கீழே நம் பெயர் மட்டும் மேலும் நான்கு முறை. நான்காம் முறை எழுத்து ஓரளவு நேராகியிருந்தது.

எழுத்தறிவு இல்லை என்று நாம் எழுதிய அன்னையார், நம் எழுத்தை நோக்கித் தனியே நடந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுத்தை நோக்கி நாம் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையிலுள்ள ஆட்டத்தை இனி நாம் காரணமின்றிக் கடிய மாட்டோம். பொழுதைக் கொல்லும் ஆட்டமும் உண்டு. மனத்தைத் திறக்கும் ஆட்டமும் உண்டு. தேர்ந்துகொள்வது உங்கள் கடன். உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பரணிலும் அரபுத் தமிழ் ஏடுகள் இருக்கலாம். பழைய தாளென்று கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியோர்களே! அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த மூத்த பெண்மணிகள் உங்கள் வீடுகளில் இருப்பின், அவர்கள் வாசிக்கப் பேரப்பிள்ளைகள் எழுதுமாறு செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு அதனை ஒத்திவையாதீர்கள்.

வாரம்தோறும் சனிக்கிழமை இரவு சாச்சியிடம் தொலைபேசியில் பாடம் கேட்கிறோம். புள்ளி ஒன்று கூடினும் குறையினும் சாச்சி விடுவதில்லை. நம் மகன் நமக்கு முன்னே சென்றுவிட்டான். நாம் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டே பால் கணக்கில் நிற்கிறோம்.