சாப் சாப்

எங்கள் பிரிவு மேலாளர் இரண்டு முறை கை தட்டி, "சாப் சாப், லேடீஸ்" என்பார். எதிர்வரிசையில் இருந்த ஆண்களுக்கு அந்தத் தட்டல் கிடையாது. அவர்களிடம் நேரில் போய் நின்று, "எப்ப முடியும் பாஸ்?" என்று கேட்பார். காய் நறுக்குவதோடு தொடர்புள்ள சொல் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். நறுக்கி, தாளித்து, டப்பாவில் கட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று பக்கத்து இருக்கை அக்காவிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கான்டன் துறைமுகத்தில் வெள்ளைக்கார வணிகர்களும் சீனர்களும் பேசிக்கொண்ட கலப்பு ஆங்கிலத்தில் பிறந்தது. விரைவைக் குறிக்கும் சீனச் சொல்லை இரட்டித்து உண்டாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அச்சுக்கு வந்து, எஜமானர்கள் வேலையாட்களை விரட்டும் சொல்லாக ஊன்றிவிட்டது. தட்டுகிறவர் யார், எழுந்து ஓடுகிறவர் யார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

டெட்லைன் இன்னும் மோசம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு தாழ்வான வேலி போட்டிருந்தார்கள். தாண்டினால் காவலர் சுடுவார். அந்த வேலியின் பெயர்தான் டெட்லைன். பிறகு பத்திரிகை அலுவலகங்களின் காலக்கெடுவாகி, இப்போது என் மின்னஞ்சலில் வாரம் பத்து முறை வருகிறது.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது ஸ்பீட்-அப். மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்துப் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் வேலை. 1840களில் முதலாளிகள் தறிகளின் வேகத்தைக் கூட்டினார்கள். ஒருத்தி பார்க்க வேண்டிய தறிகளையும் கூட்டினார்கள். நெய்த துணிக்கான கூலி மட்டும் அதற்கேற்பக் கூடவில்லை. வேகமாக வேலை செய் என்று யாரும் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, தறி சொல்லிவிடும். சாரா பேக்லி என்ற நெசவுத் தொழிலாளி முன்னின்று பெண்களுக்கென ஒரு தொழிலாளர் சங்கம் கட்டினார். பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்டினார்கள். 1845இல் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் பேக்லியும் வேறு பெண்களும் சாட்சி சொன்னார்கள். சட்டம் போட்டுத் தீர்க்கும் விஷயமல்ல இது என்று குழு கைகழுவியது. மறுவருடம் ஓர் ஆலையில், கூலியைக் குறைத்து நான்காவது தறியைக் கொடுத்தபோது, பார்க்க மாட்டோம் என்று நெசவுப் பெண்கள் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

சாப் சாப் கதையை மேலாளரிடம் சொன்னேன். "இன்ட்ரஸ்டிங்" என்றார். மறுநாளிலிருந்து "ஸ்டெப் ஆன் இட், லேடீஸ்" என்று மாற்றிக்கொண்டார். அது காரின் வேகமிதியை மிதிக்கச் சொல்வது. எங்கள் மேசைக்கடியில் குப்பைத்தொட்டிதான் இருந்தது. கைதட்டல் மாறவில்லை.

இதை எழுதுவதால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வரும் நேரம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல நின்றிருந்தேன். பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்றேன். என் கைகள் இரண்டு முறை தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"தட்டாதீங்கக்கா" என்றார்.