பூஞ்சை வராத பசை

 



சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் தேநீர் வேளையில், "ஃபாதர், நீங்கள் மீன் தொட்டியெல்லாம் பழுது பார்ப்பீர்களாமே!" என்று உங்களுள் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது என் பிழையின் கதை. அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு அது பயன்படவும் கூடும். தொட்டிக்குரிய குடும்பத்தாரின் இசைவோடுதான் எழுதுகிறேன்.

கிளென்ஃபீல்டில் வாடகை வீடொன்றில் குடியிருக்கும் குடும்பம் அது. மகனுக்கு 12 வயது. ஓராண்டு சேமித்த பணத்தில் யாரோ பயன்படுத்திய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, இரண்டு கோமாளி மீன்களையும் ஓர் இறாலையும் வளர்த்துவந்தான். ஜூலை மாதக் குளிரில் ஒரு மாலை அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றபோது, தொட்டியின் கீழ் மூலையில் வெள்ளைக் கோடுபோல் உப்புப் பூத்திருப்பதைக் கண்டேன். கடல்நீர் மெல்லக் கசியும்போது பல வேளைகளில் ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிக் காட்டிக்கொடுக்கும்.

தொட்டியின் நீளம் 90 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 40. விளிம்புவரை நிரப்பினால் 144 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ ஆதலால், நீரின் எடை மட்டுமே 147 கிலோவைத் தாண்டும். அது ஓரிரவில் கம்பளத் தரையில் கொட்டிவிட்டால்? தந்தையின் முகத்தில் வீட்டுக்காரருக்குக் கட்டிய பாண்ட் பணம் தெரிந்தது. மகனின் முகத்தில் மீன்கள் தெரிந்தன.

"கவலைப்படாதே தம்பி, நான் சரிசெய்து தருகிறேன்" என்றேன். நான் தூத்துக்குடிக்காரன். என் தாத்தா தோணிகளுக்குக் கலப்பற்று அடித்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, நீர் புகாமல் அடைப்பது அவர் தொழில். அந்தப் பெருமைதான் அன்று என் வாயிலிருந்து பேசியது.

மறுநாள் கடையொன்றில் சிலிகோன் பசை டியூப் வாங்கினேன். வரிசையாய் இருந்தவற்றுள் ஒன்றில் 'பூஞ்சை வராது' என்று பெரிதாக எழுதியிருந்தது. விலையும் சற்றுக் கூடுதல். நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்தேன். மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியை வடித்துத் துடைத்து, பழைய பசையின் மேலேயே புதியதைப் பூசினேன். ஓரிரவு காய்ந்தது. காலையில் தொட்டால் ஒட்டவில்லை, நீரை நிரப்பினோம்.

மூன்றாம் நாள் இறால் செத்தது. ஐந்தாம் நாள் பையன் தொலைபேசியில் அழைத்தான். "ஃபாதர், ரெண்டு மீனும் போயிடுச்சு." அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தயாரிப்பாளர்கள் வெளியிடும் தொழில்நுட்பக் குறிப்புகளைப் பொறுமையாக வாசித்தேன். கற்றதைச் சொல்கிறேன்.

சிலிகோன் பசை வண்ணப்பூச்சைப்போல் வெறுமனே காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வேதிவினையால் ரப்பராக இறுகுகிறது. அவ்வாறு இறுகும்போது ஒரு பொருளை வெளியேற்றும். ஒருவகைப் பசை அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றும். புளித்த காடியின் நெடி அடிப்பது அதனால்தான். கண்ணாடியை உறுதியாகப் பற்றுவது இவ்வகை. நெடி கடுமையாக இருந்தாலும், முழுதும் இறுகியபின் அமிலம் அகன்றுவிடும். மற்றொரு வகை 'நியூட்ரல்' எனப்படுவது. காடி நெடி இராது, ஆல்கஹாலையோ ஆக்சைம் எனும் சேர்மத்தையோ வெளியேற்றும். நெடி இல்லை என்பதால் அது மீனுக்கு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தாலன்றி அதைத் தொடவேண்டாம்.

உண்மையான இடர் நெடியில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கும் பசைகளில், கருமை படராதிருக்கப் பூஞ்சைக்கொல்லி கலக்கிறார்கள். பசை இறுகிய பிறகும் அது உள்ளேயே இருந்து, நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவரும். அதன் வேலையே நுண்ணுயிரைக் கொல்வது. மூடிய தொட்டியில் அது எங்கே போகும்? அதே நீரைத்தான் மீன் சுவாசிக்கிறது. கழிவை மாற்றித் தொட்டியை வாழவைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அதே நீரில்தான் இருக்கின்றன. இறால், பவளம் போன்ற முதுகெலும்பில்லா உயிர்கள் இன்னும் மென்மையானவை.

ஆகவே டியூப்பைத் திருப்பி வாசியுங்கள். 'மோல்ட் ரெசிஸ்டன்ட்', 'பாத்ரூம்', 'கிச்சன்', 'சானிட்டரி' என்ற சொற்களுள் ஒன்றைக் கண்டாலும் வைத்துவிடுங்கள். '100% சிலிகோன்' என்பது மட்டும் போதாது. அப்படி எழுதியவற்றிலும் பூஞ்சைக்கொல்லி இருப்பதுண்டு. 'அக்வேரியம் சேஃப்' என்றோ, மீன் தொட்டிக்கு உகந்தது என்றோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மேலுறை மௌனமாக இருந்தால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய பசை சரியாக இறுகாது.

அடுத்து, புதிய சிலிகோன் இறுகிய பழைய சிலிகோனைப் பற்றாது. பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருக்கிறேன்! தொட்டி முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. உள்பக்கப் பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே புதியதைப் பூச வேண்டும். வெளிப்புறம் பூசும் ஒட்டு நிலைக்காது. உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் அதைத் தள்ளிவிடும். இரு கண்ணாடிகளுக்கு இடையேயுள்ள பசையே விட்டுப்போயிருந்தால், தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். அது தேர்ந்தவரின் வேலை.

மூன்றாவது, காத்திருத்தல். பசை வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். மிதமான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான். நம் ஆக்லாந்துக் குளிரில் இன்னும் மெதுவாகும். மேல்தோல் காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து உள்ளமும் இறுகிவிட்டது என்று நான் நம்பினேன். ஒரு வாரமாவது விடுங்கள். நெடி இம்மியும் இருக்கக் கூடாது. பிறகு தரை நனைந்தாலும் கேடில்லாத இடத்தில் நன்னீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்து, அந்நீரைக் கொட்டிவிட்டே கடல்நீர் ஊற்றுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கண்ணாடித் தொட்டிக்கே பொருந்தும். ஒராக்கேயில் 1985-இல் திறக்கப்பட்ட கெல்லி டார்ல்டன் காட்சியகத்துக்கு நம் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். அங்கே தலைக்கு மேல் சுறா நீந்தும் வளைந்த சுரங்கப்பாதை கண்ணாடியன்று, அக்ரிலிக். உங்கள் தொட்டியும் அக்ரிலிக் என்றால் சிலிகோன் அதை உறுதியாகப் பற்றாது. அதற்கு வேறு முறை உண்டு.

சரி, பையனிடம் என்ன சொன்னேன்? அவன் வீட்டுக்குப் போய், தந்தையின் முன்னிலையில், "மீன்கள் செத்தது என் தவறால்" என்றேன். தந்தை பதறிப்போய், "ஐயோ ஃபாதர், அப்படிச் சொல்லாதீங்க, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். பையன் மட்டும் கேட்டான்: "அந்த டியூப்ல எழுதியிருந்ததா ஃபாதர்?"

"எழுதியிருந்தது. நான்தான் அதை நல்லது என்று வாசித்துவிட்டேன்."

அவன் தலையசைத்தான். அவ்வளவுதான். எத்தனையோ பேருக்குப் பாவமன்னிப்பு வழங்கியவன் நான். அன்று ஒரு சிறுவனிடம் பெற்றுக்கொண்டு வந்தேன்.

அந்த டியூப் பொய் சொல்லவில்லை. குளியலறைக்கு அது நல்ல பசைதான். உள்ளே என்ன வாழப்போகிறது என்று கேட்காமல் சுவரை மட்டும் காக்க நினைத்தேன். புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளை வளர்க்கும் உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும். தீயது எதுவும் படரக்கூடாது என்ற அச்சத்தில் வீட்டின் இடுக்குகளையெல்லாம் நாம் எதைக் கொண்டு அடைக்கிறோம்? கண்டிப்பா, ஐயமா, பிள்ளையின் நண்பர்களைப் பற்றிய இகழ்ச்சியா? கசிவும் கூடாது, உள்ளிருக்கும் உயிரும் மூச்சுவிட வேண்டும்.

சுரண்டும் வேலையை மறுபடியும் தொடங்கி, அவனும் நானும் மூன்று மாலைகள் உட்கார்ந்து செய்தோம். டியூப்பை அவனே தேர்ந்தெடுத்தான். மேலுறை முழுவதையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினான். எட்டு நாள் காத்திருந்தோம். இப்போது உப்புக் கோடு இல்லை. நீர் பதப்பட்டதும் மீன் வாங்கும் செலவு என்னுடையது.

உங்கள் தொட்டியில் வெள்ளைக் கோடு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். வருவேன். மூக்குக் கண்ணாடியோடும், அந்தப் பையனோடும்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

செபத்தில் ஒன்றித்து,
உங்கள் அருள்பணியாளர்