பினாங்கில் நாலு நாள்

தேனிலவு என்றால் எங்கள் ஓசூர்க்காரர்களுக்கு ஊட்டி. கையில் காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் காஷ்மீர். 1961-ல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தை அங்கே எடுத்துவிட்டு வந்ததிலிருந்து தமிழர்களுக்கு அப்படி ஓர் ஆசை. நானும் என் மனைவியும் 2009-ல் பினாங்குக்குப் போனோம் என்றால் அதற்குக் காரணம் சாப்பாட்டுப் பிரச்னை.

அவள் தளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். முட்டைகூட அவர்கள் வீட்டு வாசற்படி ஏறாது. எங்கள் வீட்டிலோ ஆட்டுக்கறி இல்லாத ஞாயிறு ஞாயிறே அல்ல. கல்யாணமான மூன்றாம் நாளே என் அத்தை, "இந்த வீட்டுக்கு வந்தாச்சு, போகப் போகப் பழகிக்குவா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ராத்திரி அவள் என்னிடம், "ரீ, பழகலைன்னா?" என்று கேட்டாள். ('ரீ' என்பது கன்னடத்து 'என்னங்க'.) எனக்குப் பதில் தெரியவில்லை. மலேசியாவில் வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன், "பினாங்குக்கு வாருங்கள், எந்த நாக்குக்கும் அங்கே இடமுண்டு" என்று எழுதியிருந்தான்.

தேவனஹள்ளியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஜார்ஜ் டவுனில் போய் இறங்கினோம். 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் நிறுவிய ஊர். மலாக்காவோடு சேர்த்து 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1818-ல் கட்டிய மாதா கோவில் அல்லாத ஆங்கிலேயத் திருச்சபைக் கோவில், சீனர்களின் குவான் யின் சந்நிதி, 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவில், தமிழ் முஸ்லிம்கள் தொழும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள். நம் கடைதான், கடல் தாண்டியதில் கொஞ்சம் நாக்குப் புரண்டிருக்கிறது.

எனக்குக் கொண்டாட்டம். நாசி கண்டார் என்றால் காவடிச் சோறு. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தோளில் சுமந்து விற்றது. அந்தத் தோள்கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். இப்போது கடையில் நாலு குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றித் தருகிறார்கள். அவளுக்குச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தூவிய இடியாப்பம் கிடைத்தது. மறுநாள் லக்ஸா கடையிலிருந்து வந்த புளி வாசனை அவளை இழுத்தது. "நம்ம சாறு மாதிரியே இருக்குதே" என்றாள். எட்டிப் பார்த்தால் உள்ளே மீன்! அன்று முழுவதும் அவள் வாழைப்பழத்தில் காலம் தள்ளினாள். நானும் சாப்பாட்டில் குஷி இல்லாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு சீனச் சைவக் கடைக்குள் நுழைந்தோம். குவான் யின் பக்தர்கள் பலர் மாதப் பிறப்பிலும் பௌர்ணமியிலும் மாமிசம் தொடுவதில்லை. அவர்களை நம்பி இப்படிப்பட்ட கடைகள் உண்டு. தட்டில் கோழித் துண்டு, வறுத்த மீன்! என் மனைவி இரண்டடி பின்வாங்கிவிட்டாள். எல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த வேஷம். பாஷை தெரியாத கடைக்காரக் கிழவி, சுவரில் இருந்த குவான் யின் படத்தைக் காட்டிக் கைகூப்பினாள். அவளும் கைகூப்பினாள். பிறகு அந்தப் பொய் மீனை முழுவதும் தின்றாள். எனக்கு அது ரப்பர் மாதிரி இருந்தது.

கடைசி ராத்திரி, தெருவோரக் கடைகள் கூட்டமாயிருந்த இடம். பத்துப் பதினைந்து வண்டிகள், நடுவே பொது மேஜைகள். அவரவர் வேண்டிய வண்டியில் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். ஒரே குடும்பத்தில் பாட்டி முன்னால் கஞ்சி, பேரன் முன்னால் நண்டு. யாரும் யாரையும் பழகச் சொல்லவில்லை. என் தட்டில் இறால் போட்டு வதக்கிய அரிசிப் பட்டை நூடுல்ஸ். அவள் தட்டில் காய்கறியும் சோறும். நடுவில் இருவருக்கும் பொதுவாகத் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் ஊற்றிய ஒரு கிண்ணம் செண்டோல்.

அவள் என் தட்டைப் பார்த்தாள். "வீட்டிலே ரெண்டு அடுப்பு வைக்க எடம் இருக்குதா, ரீ?" என்றாள்.

பின்கட்டில் இருந்தது. ஊர் திரும்பிய வாரமே வாங்கிப் போட்டோம். எரிவாயுச் செலவு அதிகம் என்று அத்தை வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டாள். களிக்கு மாத்திரம் அவளுக்கு அந்தப் பின்கட்டு அடுப்பின் உப்புச்சாறுதான் வேண்டும்.