மாநகரசபை கட்டிய வீடு

லிவர்ப்பூல் நகரின் தென்புறத்தே அலர்ட்டன் என்னும் புறநகரில், ஃபோர்த்லின் வீதியில், 20ஆம் இலக்க வீடு நிற்கிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மாநகரசபை வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய வரிசை வீடுகளுள் அது ஒன்று. செங்கற் சுவர், மாடியில் மூன்று படுக்கையறை, முன்னும் பின்னுமாகச் சிறு தோட்டம். வழிப்போக்கன் ஒருவன் திரும்பிப் பார்ப்பதற்கு அதில் எதுவுமில்லை. இவ்வீட்டைத்தான் 1995இல் நாஷனல் டிரஸ்ட் என்ற மரபுரிமை நிறுவனம் விலைக்கு வாங்கியது. 1895இல் தோன்றி, நிலப்பிரபுக்களின் மாளிகைகளையும் அவற்றின் பூங்காக்களையும் பேணிப் புகழ்பெற்ற நிறுவனம் அது. ஒரு மாநகரசபை வீட்டின் வாயிலுக்கு வந்து சேர அதற்கு நூறாண்டு பிடித்தது!

காரணம் யாவரும் அறிந்ததே. 1955இல் மக்கார்ட்னி குடும்பம் அங்கே குடிவந்தது. அவ்வீட்டு முன்னறையிலே போல் மக்கார்ட்னியும் ஜோன் லெனனும் கிற்றாரோடு அமர்ந்து பாட்டுக் கட்டினார்கள். பீட்டில்ஸின் புகழ் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

இக்காரணம் பாதி உண்மையே என்பது என் கருத்து. அக்குடும்பத்தின் தாய் ஒரு மருத்துவிச்சி. தந்தை பருத்தி வியாபார நிறுவனமொன்றின் ஊழியர். இத்தகைய குடும்பத்திற்குக் குளியலறையும் தோட்டமும் உள்ள வீடு எவ்வாறு கிடைத்தது? வீட்டின் பெருமை இவ்வினாவிலேதான் அடங்கியிருக்கிறது. பாடகன் எவனும் அங்கு பிறவாதிருந்தாலும் அவ்வினா அழியாது.

1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது சுகாதார அமைச்சரான அனெய்ரின் பெவனிடமே வீடமைப்பும் ஒப்படைக்கப்பட்டது. அவர் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளியொருவரின் மகன். தாமும் இளமையிற் சுரங்கத்தில் இறங்கியவர். குண்டுவீச்சால் வீடிழந்தோர் இலட்சக் கணக்கினர். செங்கல்லுக்குத் தட்டுப்பாடு, மரம் வாங்க டொலர் இல்லை. அறைகளைச் சுருக்கினால் தொகையைக் கூட்டலாம் என்று பலர் நெருக்கினர். அவர் மறுத்துவிட்டார். மூன்று படுக்கையறை வீட்டிற்கு 900 சதுர அடியேனும் வேண்டும், மாடியிலும் கீழுமாக இரு மலசலகூடங்கள் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1949ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வீடுகள் 'தொழிலாள வர்க்கத்தாருக்கு' மட்டும் என்றிருந்த வரையறையை நீக்கியது. வைத்தியரும் பண்ணைத் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழவேண்டும் என்று அவர் விரும்பினார். 1951இல் வந்த கொன்சர்வேற்றிவ் அரசு ஆண்டுக்கு மூன்று இலட்சம் வீடுகள் என்று முழங்கியது. 1953இல் அவ்வெண்ணை எட்டியும் காட்டியது. ஆனால் வீடுகள் சிறுத்துப்போயின. கூரையில்லாதவனுக்கு எண்ணிக்கையும் முக்கியந்தான். அதனை நான் இகழேன். எனினும், பொதுப்பணத்திற் கட்டும் வீடு மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அன்றுதொட்டே வேரூன்றத் தொடங்கிற்று.

என் பெறாமகள் இலண்டனின் புறநகரொன்றில் இவ்வகை வீடொன்றிலேயே வாழ்கிறாள். சில வாரங்கள் அங்கே தங்கியிருந்தேன். நிலக்கரி போட்டுவைக்கக் கட்டிய சிற்றறையிலே இப்போது அரிசிச் சாக்குகளும் ஊரிலிருந்து கொண்டுபோன உரலும் இருக்கின்றன. குசினியில் நால்வர் தாராளமாக நின்று வேலைசெய்யலாம். செங்கற்களின் மேல் வெள்ளைச் சாந்து பூசும் யோசனை அவளுக்கு. வேண்டாம், இதுவும் ஒரு மரபுரிமை என்றேன். "இது என்ன, கோயிலே, சித்தப்பா?" என்று சிரித்தாள்.

அவ்வீட்டிற்கு இன்னொரு வரலாறும் உண்டு. தட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், மாநகரசபை வீட்டிற் குடியிருப்போர் கழிவு விலையில் அதனை வாங்கிக்கொள்ள உரிமை அளித்தது. முன்னைய குடியிருப்பாளர் அப்படி வாங்கினார். பின்னர் சந்தை விலைக்கு விற்றார். வங்கிக் கடனோடு என் பெறாமகள் குடும்பம் அதனைப் பெற்றது. விற்ற பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு புதிய வீடு கட்டச் சபைகளுக்கு அனுமதி இருக்கவில்லை. ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை ஒழித்தன. இங்கிலாந்து அதற்குள் பெருந்தொகையான வீடுகளை விற்றுவிட்டிருந்தது. அடுத்த தெருவில், ஒரே அறையில் மூன்று பிள்ளைகளுடன் மாநகரசபை வீட்டிற்காகக் காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றி அவளே எனக்குச் சொன்னாள். "நாங்கள் வாங்காட்டி வேறை ஆரும் வாங்கியிருப்பினம்" என்றும் சொன்னாள். அதனை நான் மறுக்கவில்லை. அகதியாய்ப் போனவள் தலைக்குமேல் ஓர் உறுதியான கூரையைத் தேடியது குற்றமாகாது. ஆயினும் அன்றிரவு உணவு சற்று மௌனமாகவே நடந்தது.

ஃபோர்த்லின் வீதி வீட்டினுள் இன்று ஐம்பதுகளின் தோற்றம் கவனமாகப் பேணப்படுகிறது. போலின் தம்பி எடுத்த புகைப்படங்கள் சுவரில் தொங்குகின்றன. முன்பதிவு செய்தோர் மட்டுமே உள்ளே செல்லலாம். லெனன் வளர்ந்த 'மென்டிப்ஸ்' வீட்டை 2002இல் யோக்கோ ஓனோ வாங்கி அந்நிறுவனத்திற்கே அளித்தார். அது போருக்கு முந்திய தனியார் இரட்டை வீடு. 2012இல் அரசு இரண்டையும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிற் சேர்த்தது. சுவரையும் சாளரத்தையும் சட்டம் காக்கிறது. அச்சுவரை எழுப்பிய வாடகை முறை அப்பட்டியலில் இல்லை.

நமது மலைநாட்டிலும் தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் பழைய தளபாடங்களோடு உல்லாசப் பயணிகளுக்காகப் பேணப்படுகின்றன. அதே துரைமார் கட்டுவித்த லயன் காம்பராக்களும் நிற்கின்றன. அவற்றை எவரும் மரபுரிமை என்பதில்லை. உள்ளே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள்.