பங்குனி வெயிலும் லித்தியமும்

ஐப்பசி 22, ராஜபாளையம்
அடைமழை விடவில்லை. சஞ்சீவி மலை மூடிக்கிடக்கிறது. சத்திரப்பட்டியில் வெளுத்த பேண்டேஜ் துணியைக் காயப்போட வெயில் இல்லை. அத்தை வீட்டில் யாருக்கும் முகம் தெளியவில்லை. அதை நோய் என்று சொல்ல மாட்டேன், கூலி வந்தால் தீரும் கவலை அது. என்னுடையது வேறு. குளிப்பதே மலைப்பாக இருக்கிறது.

குளிர்காலச் சோர்வைப் பற்றி 1984-ல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் எழுதியது, இருட்டு நீளும் நாடுகளை வைத்து. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆனாலும் நாள் முழுக்க வீட்டுக்குள் அடைந்தால் வெளிச்சம் ஏது? மேகம் மூடிய காலையில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் டியூப் லைட்டைவிடப் பல மடங்கு. குடையோடு தெருமுனை வரை போய்வந்தேன்.

மார்கழி 5, ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆண்டாள் ஊரில் மார்கழிக் காலையில் படுத்துக்கிடப்பதை அம்மா பொறுக்கமாட்டாள். விடியுமுன் குளித்து வடபத்ரசாயி கோவிலுக்குப் போனால் எனக்கும் மனம் லேசாகிறது. ஆனால் என்னைப்போல் பைபோலார் (இருமுனை மனநோய்) உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே மனம் தறிகெட்டு ஏறுவதற்கு வழி. நாலு மணிக்கு எழவேண்டுமென்றால் எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். சொன்னதும் அம்மா ராச்சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றிவிட்டாள். இதைவிடப் பெரிய உதவியை யாரும் எனக்குச் செய்ததில்லை.

பங்குனி 18
நான் பயப்படுவது மழைக்கு அல்ல, இந்த மாதத்துக்குத்தான். பித்து நிலைக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் வேனில் காலத்தில் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஊரே ஆண்டாள் திருக்கல்யாணக் களையில் இருக்கும். நான் குறைவாகத் தூங்கியும் களைப்பில்லாமல், யாரையும் பேசவிடாமல் பேசிக்கொண்டிருப்பேன். “இப்பத்தான் பிள்ளை கலகலன்னு இருக்கா” என்பார் சித்தி. அந்தக் கலகலப்புதான் முதல் அறிகுறி. கைமீறிச் செலவழிக்காமலிருக்க ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். டாக்டரைப் பார்க்கும் நாளையும் முன்னுக்கு நகர்த்தியாயிற்று.

சித்திரை 12
வெயில் கொளுத்துகிறது. நான் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ஓர் உப்பு. வியர்வையில் நீரும் உப்பும் வடிந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும், ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை நடுக்கம் கூடினாலும், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தலைவலிக்கு ஐபுப்ரோபென் போன்ற மாத்திரையை நாமாக வாங்கிப் போடக்கூடாது, அதுவும் அளவை ஏற்றும். வெயில் காலத்தில் உப்பில்லாப் பத்தியமும் இருக்கக்கூடாது. நீர்மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிறேன். நாளை ரத்தப் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எடுக்கவேண்டும்.

ஆடி 3, ராஜபாளையம்
மலைக்காற்று இறங்கிவிட்டது. மில்லில் என்னோடு வேலை பார்க்கும் பெண் தனியாக வந்து, “அக்கா, எனக்கும் மழை பிடிச்சா அழுகையா வருது, யார்ட்ட சொல்றது?” என்றாள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக்கொடுத்தேன். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தூங்கும் நேரத்தை இன்றைக்கே குறித்துவைக்க ஆரம்பி, ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.